மழை வந்தால் வீடு முழுக்க சளி, ஜுரம்: என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஐப்பசி மழை ஆரம்பித்தால் போதும், அவர் வீட்டுக்குள் சளியும் ஜுரமும் வந்துவிடுகிறது. முதலில் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன், அப்புறம் எட்டு மாதக் கைக்குழந்தை, அப்புறம் சர்க்கரை நோய் உள்ள மாமியார், கடைசியில் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் கணவர். ஒரு சுற்று முடிவதற்குள் மகனுக்கு மறுபடி மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிச் சமாளிக்கிறார்கள். வீடு என்பது ஒரு ஹாலும் ஒரு சமையலறையும். "இது வராமலே இருக்க வழி இருக்கா? வந்தா சீக்கிரம் தேற என்ன செய்யணும்? தடுப்பூசி போட்டா நிக்குமா?" என்பது அவருடைய கேள்வி. தண்டையார்பேட்டை பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடியோடு வராமல் இருக்க வழி கிடையாது. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கு மேல் இருக்கின்றன. ஒன்றை உடம்பு பழகிக்கொண்டாலும் அடுத்தது வரும். பள்ளிக்குப் போகிற குழந்தைக்கு வருடத்தில் ஆறிலிருந்து எட்டு தடவை சளி பிடிப்பது எந்த ஊரிலும் சகஜம். உங்கள் மகனுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று யாராவது சொல்லி டானிக் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். சுற்றைக் குறைக்கலாம் என்பது உண்மை. அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் வீட்டில் இரண்டு பேரை ஆபத்திலிருந்து காப்பாற்றலாம். மகனும் கணவரும் பெரும்பாலும் தானாகத் தேறிவிடுவார்கள். என் கவலையெல்லாம் கைக்குழந்தையும் மாமியாரும்தான்.

முதலில் வந்திருப்பது எது என்று பாருங்கள். சாதாரண சளி மெதுவாக வரும். தொண்டை கரகரப்பு, தும்மல், மூக்கு ஒழுகல், லேசான ஜுரம், ஏழு முதல் பத்து நாளில் போய்விடும், இருமல் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். ஃப்ளூ அப்படி வராது. காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் 102, 103 டிகிரி ஜுரத்தில் அடித்துப் போட்ட மாதிரி படுத்திருப்பார். தலைவலி, உடம்பெல்லாம் வலி, வறட்டு இருமல், எழுந்து நிற்கவே முடியாத அசதி. மூன்று நான்கு நாளில் ஜுரம் இறங்கினாலும் அசதி இரண்டு வாரம் கூட இருக்கும். ஃப்ளூவுக்குக் காரணம் இன்ஃப்ளூயன்சா வைரஸ். நம் ஊரில் பன்றிக் காய்ச்சல் என்று பயமுறுத்திய எச்1என்1, 2023இல் பேசப்பட்ட எச்3என்2 எல்லாம் அந்தக் குடும்பம்தான். டெல்லியிலும் புனேயிலும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சத்துக்குப் போகும். நமக்கு அது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர், நவம்பரில் ஏறும். மழையில் நனைவதோ, ஐஸ் தண்ணீரோ, வாழைப்பழமோ, தயிரோ வைரஸை உண்டாக்காது. மழைக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு ஐந்து பேர் ஒரே அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசிப்பதுதான் பரவலுக்கு வழி. ஜுரக்காரருக்குத் தயிர்சாதம்தான் இறங்குகிறது என்றால் தயிர்சாதமே கொடுங்கள்.

வடசென்னையில் இருக்கிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. அதே மழை மாதங்களில்தான் டெங்குவும் வரும். மலேரியா நம் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துக்கு வெகுகாலப் பழக்கம். கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் கொசு பரப்புவது. மூக்கு ஒழுகல், தும்மல், இருமல் எதுவும் இல்லாமல் வெறும் ஜுரம் மட்டும் அடித்தால் அதைச் சளி ஜுரம் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். குளிர் நடுக்கத்தோடு விட்டு விட்டு வந்தாலும், கண்ணுக்குப் பின்னால் வலித்தாலும், உடம்பில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். இது தெளிவாகும் வரை ஜுரத்துக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகைகள் டெங்குவில் ரத்தக் கசிவை மோசமாக்கும்.

இப்போது செட் மாத்திரைக்கு வருகிறேன், மனம் பொறுக்காத விஷயம் இது. ஒரு சின்ன பேப்பர் கவர். காலை, மதியம், இரவு என்று பேனாவில் கோடு போட்டு, ஒவ்வொரு வேளைக்கும் நான்கைந்து மாத்திரை. பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கொடுப்பதால் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடும். உள்ளே என்ன இருக்கும்? பாராசிட்டமால் ஒன்று, மூக்கை உலர்த்தி தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை ஒன்று, வாயு மாத்திரை ஒன்று, அசித்ரோமைசின் மாதிரி ஒரு ஆன்டிபயாடிக், பல நேரங்களில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மிளகு அளவில் ஒரு பொடி மாத்திரை. அந்தப் பொடி மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. அதைச் சாப்பிட்டவுடன் ஜுரம் இறங்கும், உடம்பு லேசாகும், பசி எடுக்கும். "அவர் மருந்து ஒரே வேளையில் கேட்டுச்சு" என்று நாமும் சொல்வோம். நோய் போகவில்லை, உடம்பு அதோடு போடும் சண்டையை அடக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் மாமியாருக்கு அதே மாத்திரை இரண்டே நாளில் சர்க்கரையை 300, 400க்கு ஏற்றிவிடும். சர்க்கரை ஏறினால் கிருமிக்குக் கொண்டாட்டம், நுரையீரலுக்குள் சளிக்காய்ச்சல், அதாவது நிமோனியா, பிடிக்கும் வாய்ப்பு கூடும்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சளியும் ஃப்ளூவும் வைரஸ். 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே தன் மருத்துவர்களிடம் இருமல் ஜுரத்துக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள், அசித்ரோமைசினையும் அமாக்ஸிகிளாவையும் போட்டுக் கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள் என்று அறிக்கை விட்டது. சளி மஞ்சளாக, பச்சையாக வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் தவறு. மூன்றாம் நான்காம் நாளில் எந்தச் சளியும் நிறம் மாறும். எப்போது வேண்டியிருக்கும் என்றால், ஜுரம் விட்டு ஓரிரு நாள் தெளிந்தவருக்கு மறுபடியும் அதிக ஜுரம் ஏறும்போது, நெஞ்சு குத்தும்போது, மூச்சு வாங்கும்போது. அதை மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், கடை கவுன்டரில் முடியாது. ஊசி போட்டால் சீக்கிரம் கேட்கும், குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். வாயால் குடிக்க முடிகிறவருக்குக் குடிக்கும் தண்ணீரே போதும்.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? ஜுரத்துக்குப் பாராசிட்டமால், பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்குக்கு மேல் போகக் கூடாது. தினமும் குடிக்கிறவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துத்தான், கிலோவுக்கு 15 மில்லிகிராம். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் பாராசிட்டமால் சிரப் இரண்டு விதமாகக் கிடைக்கிறது: 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 5 மில்லிக்கு 250 உள்ளது ஒன்று. பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி, 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 150 மில்லிகிராம் என்றால், 120 பாட்டிலில் 6 மில்லி, 250 பாட்டிலில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. மகனுக்கு வாங்கிய 250 பாட்டிலை எடுத்துச் சொட்டு மருந்தின் அளவில் கைக்குழந்தைக்கு ஊற்றினால் மருந்து பாதிதான் போகும். சொட்டு மருந்தை சிரப் அளவில் ஊற்றினால் இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை போய் கல்லீரலைப் பாதிக்கும். பாட்டிலைத் திருப்பி அந்த எண்ணைப் படியுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோடு வரும் அளவு மூடியோ ஊசி இல்லாத சிரிஞ்சோ எடுங்கள்.

இருமல் சிரப்பை இரண்டு குழந்தைகளுக்குமே கொடுக்காதீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த பிஞ்சுக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அந்த மருந்து தயாரானது நமக்குப் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் கலந்திருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. அதற்கப்புறம் மத்திய சுகாதாரத் துறை இரண்டு வயதுக்குள் இருமல் மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவித்தது. நல்ல கம்பெனி மருந்தாக இருந்தாலும் சின்னக் குழந்தைக்கு அதனால் பெரிய பலன் கிடையாது என்பது மருத்துவர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவு படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுத்தால் இருமல் அடங்கித் தூங்கும். ஒரு வயதுக்குள் தேன் தொடவே கூடாது, நாக்கில் தடவுவது உட்பட. பாட்யூலிசம் என்ற நரம்பு நோய் வரலாம்.

பெரியவர்களுக்கு வீட்டுப் பக்குவம் தாராளமாகச் செய்யலாம். மிளகு ரசம், சுக்குக் கஷாயம், தூதுவளைத் துவையல், காசிமேட்டில் கிடைக்கும் சின்ன நண்டை மிளகு சீரகத்தோடு தட்டிப் போட்ட நண்டு ரசம். இவை வைரஸைக் கொல்லுவதில்லை. சூடான திரவம் உள்ளே போவதால் சளி இளகும், தொண்டை இதமாகும், வாய்க்கு ருசி தெரியாத நேரத்தில் இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும். தேறுவதற்கு அதுதான் வேண்டும். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது. மூக்கடைப்புக்கு சலைன் சொட்டு, அதாவது உப்புத் தண்ணீர்ச் சொட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் விடலாம். மூக்கைச் சட்டென்று திறக்கும் மருந்துச் சொட்டை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அப்புறம் அது இல்லாமல் மூக்கு திறக்கவே திறக்காது. ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு ஆறுதல் தரும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தைத் தரையில் வைத்துப் போர்வைக்குள் குழந்தையை உட்கார வைப்பதை நிறுத்துங்கள். ஒரு தடவை கால் தட்டிவிட்டால் சளிக்காக வந்த குழந்தை தீக்காய வார்டில் கிடக்கும்.

கைக்குழந்தையின் நெஞ்சில் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுகிறீர்களா? பாட்டிகள் அன்போடு செய்வதுதான், எனக்கும் புரிகிறது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், கையை வாயில் வைத்தால் வயிற்றுக்கும் போகும், சின்னக் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். அதைவிட மோசம், குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயை வைத்து ஊதி உறிஞ்சுவதும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கினால் எண்ணெயாலேயே நிமோனியா வரும், மாதக்கணக்கில் ஆறாது. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். குளிப்பாட்டும் வேலையை அவரிடமே விட்டுவிட்டு, எண்ணெய்க்குப் பதில் சலைன் சொட்டு பாட்டிலைக் கையில் கொடுங்கள். பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் குழந்தைக்கு மூச்சுத் திறந்து பால் நன்றாகக் குடிக்கும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உங்களுக்குச் சளி பிடித்திருந்தாலும் அது பால் வழியாகக் குழந்தைக்குப் போகாது. உங்கள் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக உண்டாக்கும் காப்புதான் பால் வழியாகப் போகும். கையைக் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுங்கள்.

குழந்தை ஆபத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உங்களிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது, போனில் உள்ள கடிகாரம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றையும் நெஞ்சையும் பாருங்கள். ஒரு தடவை மேலே எழும்பி இறங்கினால் ஒன்று. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், சின்னக் குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். ஜுரம் அதிகமாக இருக்கும்போதும் மூச்சு வேகமாகும். பாராசிட்டமால் கொடுத்து ஜுரம் இறங்கியதும் இன்னொரு தடவை எண்ணுங்கள், அதற்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால், மூக்குத் துவாரம் விரிந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால், வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதி கூடக் குடிக்கவில்லை என்றால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள், கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு வெறும் ஜுரமே கிளம்பப் போதுமான காரணம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே குழந்தைகள் பிரிவு இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கி ஆட்டோ வராத இரவாக இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

மாமியார் விஷயத்தில் வேறு விதமான கவனம் வேண்டும். வயதானவர்களுக்கு நிமோனியா வந்தாலும் ஜுரம் கொதிக்காமல் இருக்கலாம். சாப்பிட மாட்டேன் என்பார், எந்நேரமும் தூங்குவார், பேச்சு கொஞ்சம் குழறும், பாத்ரூம் போகும்போது தடுமாறுவார். "வயசாயிடுச்சு, அசதி" என்று விட்டுவிடாதீர்கள். கொரோனா நேரத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் எங்காவது இருந்தால் எடுத்து பேட்டரி மாற்றி வையுங்கள். ஆக்சிஜன் அளவை 94க்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரி. சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாந்தி வந்து சாப்பாடே இறங்கவில்லை என்றால் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். தினம் ஒரு தடவையாவது சர்க்கரை பாருங்கள். ஃப்ளூ வந்த முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு வரை கூடுவதாக 2018இல் கனடாவில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் ஜுரத்தோடு நெஞ்சுப் பாரம், வியர்வை, தாடையிலோ இடது கையிலோ வலி என்று அவர் சொன்னால் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கக் கூடாது.

ஃப்ளூவுக்கு ஒரு மருந்து உண்டு, ஓசெல்டாமிவிர். அறிகுறி ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். உங்கள் மகன் மாதிரி லேசான ஜுரக்காரர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம், இந்த மாத்திரையும் வேண்டாம் என்பதே அரசு வழிகாட்டுதல். ஆனால் மாமியார் மாதிரி சர்க்கரை உள்ளவர்கள், 65 தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், இதயம், சிறுநீரகம், ஆஸ்துமா கோளாறு உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் ஆகியோருக்கு ஃப்ளூ என்று சந்தேகம் வந்தாலே பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் தொடங்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதனால் மாமியாருக்கு ஜுரம் அடித்த முதல் நாளே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். பக்கத்திலேயே இருக்கும், சீட்டு வாங்கக் காசு கிடையாது, தேவைப்பட்டால் அவர்களே தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ எழுதிக் கொடுப்பார்கள். செட் மாத்திரையில் நான்கு நாள் ஓட்டிவிட்டு ஐந்தாம் நாள் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் முதல் நாளே வந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஒரே ஹாலில் பரவாமல் தடுப்பது எப்படி? தனி அறையில் படுக்க வையுங்கள் என்று எழுதுவது சுலபம், உங்கள் வீட்டில் தனி அறை இல்லை. இருக்கும் இடத்தில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதலில் காற்று. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு சீலிங் ஃபேன் போட்டால் அதே காற்றுதான் சுற்றும். மழைச் சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலை நான்கு விரல் திறந்து வையுங்கள், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இரவிலும் ஓடட்டும், இல்லையென்றால் டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் வெளியே பார்த்துத் திருப்பி வையுங்கள். சளி பிடித்தவர் ஜன்னலோரம், குழந்தையும் மாமியாரும் எதிர்ச் சுவர் ஓரம். பக்கத்தில்தான் படுத்தாக வேண்டும் என்றால் தலையும் காலுமாக மாறிப் படுங்கள். சளி பிடித்தவர் முதல் நான்கைந்து நாள் வீட்டுக்குள் மாஸ்க் போடட்டும். ஏழு வயதுப் பையன் நாள் முழுக்கப் போட மாட்டான், தம்பியைக் கொஞ்சும் நேரத்திலாவது போடட்டும்.

அப்புறம் உங்கள் முந்தானை. மகன் மூக்கைத் துடைத்த அதே முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்து, அதிலேயே கையையும் துடைத்துக்கொண்டு சாதம் பிசைகிறோம். யோசிக்காமல் எல்லா அம்மாக்களும் செய்வதுதான். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை துடைத்தது ஒரு வாளிக்குள், சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயப் போட்டால் தீர்ந்தது. கை கழுவ நிறையத் தண்ணீர் தேவையில்லை. லாரித் தண்ணீர் பிடித்து ஓட்டும் நாளிலும் அரை சொம்பு தண்ணீரும் சோப்பும் போதும், இருபது விநாடி தேய்ப்பதுதான் முக்கியம். பையன் பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை கழுவுவதும் பழக்கமாகட்டும். டம்ளர், துண்டு ஆளுக்கு ஒன்று. ஜுரம் இருக்கும் நாளில் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். மருந்தில்லாமல் 24 மணி நேரம் ஜுரம் வராமல் இருந்த பிறகு போகட்டும்.

கொசுவர்த்தியை விடுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 சிகரெட்டுக்குக் குறையாத அளவு நுண்துகள் வெளிவருவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அடைத்த ஹாலில் இரவு முழுக்க அதைச் சுவாசிக்கிற குழந்தைக்குச் சளி ஆறவே ஆறாது. டெங்கு, மலேரியா பயம் நியாயமானது, அதற்குக் கொசுவலை கட்டுங்கள். குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை போடுவதும் சளி நாட்களில் வேண்டாம்.

தடுப்பூசிக்கு வருவோம். ஃப்ளூ தடுப்பூசி ஃப்ளூவை மட்டும் தடுக்கும், சாதாரண சளியைத் தடுக்காது. போட்டும் ஃப்ளூ வரலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போவது நன்றாகக் குறையும். வைரஸ் உருவம் மாற்றிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். உடம்பில் வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் நம் ஊருக்கு செப்டம்பரில், தவறினால் அக்டோபர் தொடக்கத்தில் போடுவது சரியான நேரம். அரசின் இலவசக் குழந்தைத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. தனியாரில் ஓர் ஊசி ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய் ஆகலாம். ஐந்து பேருக்கும் போட முடியாத நிலையில் முதல் ஊசி மாமியாருக்கு. அடுத்தது கைக்குழந்தைக்கு, ஆறு மாதம் முடிந்ததால் போடலாம், முதல் தடவை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. கையில் இன்னும் பணம் இருந்தால் வீட்டுக்கு நோயைக் கொண்டுவரும் மகனுக்கு. மாமியாருக்கு நிமோனியா தடுப்பூசி ஒன்றும் தனியாக உண்டு, சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைக்கு நிமோனியா தடுப்பூசி 2021லிருந்து தமிழ்நாட்டில் அரசே இலவசமாகப் போடுகிறது: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம் என்றால் மூன்றாவது ஊசி அடுத்த மாதம் வருகிறது. கார்டை எடுத்து முதல் இரண்டும் குறித்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சாதாரண சளி இருக்கிறது என்பதற்காக அந்தத் தேதியைத் தள்ளிப் போட வேண்டாம்.

கடைசியாக உங்கள் கணவர். லாரிக்காரர்களின் இருமல் எல்லாமே சளி என்று எடுத்துக்கொள்ள முடியாது. மணலி, எண்ணூர் சாலையில் கண்டெய்னர் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறவர் டீசல் புகையையும் சாம்பல் தூசியையும் நாள் முழுக்க சுவாசிக்கிறார். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் வாந்தியும் மூச்சுத் திணறலுமாகத் தெருவுக்கு ஓடி வந்தது மாதிரி வெளிப்படையாகத் தெரிவது எப்போதாவதுதான். தினசரிப் புகை சத்தமில்லாமல் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். ஜுரம் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, ஆனால் விடிகாலையில் இருமல், மாடி ஏறினால் வீசிங் என்றால் அது ஆஸ்துமாவோ புகையால் வரும் நுரையீரல் நோயோ ஆக இருக்கலாம். அதற்கு இன்ஹேலர்தான் சரியான மருந்து, பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். பீடி, சிகரெட் இருந்தால் அதை விடாமல் எதுவும் கேட்காது.

சளி விட்ட பிறகும் வெறும் இருமல் மூன்று வாரம் இழுப்பது உண்டுதான். இருந்தாலும் நம் பகுதியில் டிபி அதிகம் என்பதால் இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. எடை குறைந்தாலோ, சாயங்காலம் மட்டும் ஜுரம் வந்தாலோ, இரவில் வியர்த்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ இரண்டு வாரம் கூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் மாமியாருக்கும் இது பொருந்தும். பரிசோதனையும் சிகிச்சையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக இரண்டு மூன்று தடவை மூச்சிழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் கெட்டிச் சளியை அவர்கள் கொடுக்கும் டப்பாவில் துப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். எச்சிலை மட்டும் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரும்.